குருவி கத்திய பெட்டி

போன சனிக்கிழமை இரவு கதிரவெளியில் நடந்த பாடசாலைக் கலைவிழாவுக்கு வராதவர்கள் எல்லாரும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அதென்ன சேர் குருவிக் கதை?" பஸ்ஸில் கேட்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் கேட்கிறார்கள். ஒருவர் பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார். தனித்தனியே சொல்லி வாய் வலித்துவிட்டது. இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கமிருந்து பனிச்சங்கேணிப் பாலம் கடந்து தினமும் கதிரவெளிக்குப் படிப்பிக்க வருகிற நாலு பேர். மூவர் முஸ்லிம்கள், ஒருவர் தமிழர். தட்டுவது ஒருவருடைய விரல். கதை நாலு பேருடையது.

போன வருடம் ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் இசை நாடகத் துண்டொன்றைக் கொண்டு போனார்கள். பின்னணி இசை முழுவதும் ஒரு பென்டிரைவில் இருந்தது. இப்போது எல்லாப் பாடசாலையிலும் அப்படித்தான். அதில் பாடிய பிள்ளை, பாட்டை எடுக்கவேண்டிய இடத்தில் ஒரு மூச்சளவு தாமதித்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இசை அவளுக்காக நிற்கவில்லை. அது அடுத்த அடிக்குப் போய்விட்டது. இவள் பின்னால் ஓடினாள், பிடிக்க முடியவில்லை. சபையில் சிரித்தார்கள். பாட்டு முடிந்த பிறகும் இசை ஓடிக்கொண்டிருக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலை எங்கள் நாலு பேருக்கும் மறக்காது. அதற்குப் பிறகு வகுப்பில் வாசிக்கச் சொன்னாலும் எழும்பமாட்டாள்.

இந்த வருடம் வள்ளி திருமணத்தில் ஒரு பகுதி போடுவது என்று முடிவானபோது, வள்ளியாகப் பாட அந்தக் குரலைவிட்டால் வேறு குரல் இல்லை. கேட்கத் தயங்கிக்கொண்டு இருந்தோம். அவளே ஒருநாள் இடைவேளையில் வந்து நின்றாள். "சேர், றெக்கோட் இல்லாமச் செய்யேலாதா?" என்றாள்.

செய்யலாம். ஆனால் பெட்டி வாசிக்க ஆள் வேண்டுமே.

ஆள் கிடைத்தார். வெருகல் ஆற்றுப் பக்கத்தில் மகளோடு இருக்கிறார், எழுபது தாண்டியவர். பிள்ளைகள் பெட்டி ஐயா என்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம். இளமையில் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் இசை நாடகக்காரர்களோடு திரிந்தவர். அவருடைய சொந்தப் பெட்டி சுனாமிக்குத் தப்பியது, 2006 இடப்பெயர்வில் போய்விட்டது. அந்த வருடம் இந்த ஊரில் நடந்ததை இங்குள்ளவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அவரும் பெட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்வார், அதுவும் ஒரு வரியில்.

பாடசாலையில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு யாரோ கொடுத்தது. களஞ்சிய அறையில், கிழிந்த கரப்பந்து வலைக்குக் கீழே கிடந்தது. அவர் மூடியைத் திறந்தார், கரப்பான் இரண்டு ஓடின. துருத்தியை ஒரு இழுவை இழுத்துப் பார்த்து, "மூச்சு இருக்கு" என்றார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு நிபந்தனை வைத்தார். "நான் பெட்டியில கொஞ்சம் குழப்படி செய்வன் சேர். புள்ள கோவிக்கப்படாது."

குழப்படி முதல் நாளே தொடங்கியது. முன்னிசை வாசித்தார். பிள்ளை பாட வாயைத் திறந்தாள். அவர் நிறுத்தாமல் முன்னிசையையே மறுபடி வாசித்தார். வாயை மூடினாள். முடித்தார், திறந்தாள், மறுபடியும் வாசித்தார். மூன்று தரம். அவள் கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது. அவர் துருத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வாயத் திறந்த புள்ள ஏன் மூடினது? நான் நிப்பாட்டினாலும் நீ துடங்கு. நிப்பாட்டாட்டியும் நீ துடங்கு. உனக்குப் பின்னால வாறதுதான் என்ர வேல."

இன்னொரு நாள் அரைக் கட்டை உயர்த்தித் தொடங்கினார். அவள் திணறிப் பாடி, இரண்டாம் அடியில் அவரைப் பார்த்தாள். உடனே ஒன்றும் நடக்காததுபோலக் கீழே இறங்கிவிட்டார். "ஏத்தினது நான். இறக்கச் சொல்லிக் கண்ணால கேட்டது நீ. கேட்டாத்தானே குடுக்கலாம்."

கட்டை என்றால் என்னவென்று பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள். இது சுவையான விசயம், கொஞ்சம் நின்று சொல்கிறோம். பெட்டியில் அழுத்துகிற வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் நம் பாடகர்கள் சுருதியைச் சொல்கிறார்கள். முதல் வெள்ளை ஒரு கட்டை, அடுத்தது இரண்டு கட்டை. நடுவில் இருக்கிற கறுப்பு ஒன்றரைக் கட்டை. இரண்டரை உண்டு, நாலரை உண்டு. ஆனால் மூன்றரைக் கட்டையில் பாடினார் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவது வெள்ளைக்கும் நடுவில் கறுப்பே இல்லை. பியானோவிலும் இதே அடுக்குத்தான். கணக்குப் படிப்பிக்கிற எங்கள் நண்பர் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் மூன்றரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இந்த அடுக்கில்தான் பெட்டியின் பலமும் பலவீனமும் இருக்கிறது. அழுத்தினால் அந்தச் சுரம் உறுதியாக நிற்கும். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதனால் முடியாது. படியில் ஏறி இறங்கத்தான் முடியும். தொண்டை அப்படி இல்லை, படிகளுக்கு நடுவிலும் அது நிற்கும், அசையும், இழுக்கும். கமகம் என்பது அதுதான். இந்தக் குறையைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை அது வானொலிக்கு ஆகாத வாத்தியமாக இருந்தது. நாடக மேடை அந்தத் தடையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. எங்களுக்கும் அந்தத் தடை பெரிய நியாயமாகத் தெரியவில்லை.

மூன்றாம் கிழமை பிள்ளை இந்தக் குறையைக் கண்டுபிடித்துவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு அடியின் கடைசியில் குரலை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்து இழுத்தாள். பெட்டி ஐயா மேலே ஒன்றைத் தொட்டார், சரிவரவில்லை. கீழே தொட்டார், அதுவும் இல்லை. அவள் இழுத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டுச் சிரித்தார். அன்று தேத்தண்ணி குடிக்கும்போது, "அவள் என்னப் புடிச்சிட்டாள் சேர்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு விளங்கியது. இனி இது இரண்டு பேர் விளையாட்டு.

பஸ்ஸில் திரும்பும் நேரம் முழுக்க அந்த நாட்களில் எங்களுக்கு இதே பேச்சுத்தான். அவர் செய்வது அவர் கண்டுபிடித்த ஒன்றல்ல, பெரிய பரம்பரை ஒன்றின் பழக்கம். ஆர்மோனியம் பாரிஸில் பிறந்தது. 1840களில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இந்தியாவுக்கு வந்து, பார்சி நாடகக் கம்பனிகளோடு ஊர் ஊராகச் சுற்றி, தமிழ் மேடைக்கும் ஏறியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்கள் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடந்தன. ஸ்பெசல் நாடகம் என்று தமிழ்நாட்டில் இன்றும் இரவிரவாக நடக்கிறதே, அதில் நடிகர்களைத் தனித்தனியே பேசி எடுப்பார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளியும் முருகனும் அன்றைய இரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பதும் உண்டு. யார் எந்தக் கட்டையில் பாடுவார், எங்கே மூச்சு வாங்குவார், எங்கே மறப்பார் என்று எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டியவர்களில் முதல் ஆள் ஆர்மோனியக்காரர். பபூன் வந்து பகிடி விடுவதும் அவரோடுதான். அவர் பின்பாட்டும் பாடுவார், எதிர்ப்பேச்சும் பேசுவார், வேண்டுமென்றே காலையும் வாருவார். அந்நாட்களில் புகழோடு இருந்த ஆர்மோனிய வித்துவான்களில் காதர் பாட்சா என்றொருவரும் உண்டு. இந்தப் பெயரைச் சொன்னதும் பஸ்ஸில் எங்கள் பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததை மறைப்பானேன்.

பாடகரும் பாடகரும் மேடையில் மோதிக்கொண்ட கதைக்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1926இல் கொழும்பில்தான் கே.பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கிற உச்சக் குரல் இரண்டு பேருக்கும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து மேலே கொண்டுபோவார். கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய சகோதரர் காசி ஐயர். மேடையில் மோதிய இருவரும் மறு வருடமே திருமணம் செய்துகொண்டார்கள் என்பது தனிக்கதை. கிட்டப்பா 1933இல், இருபத்தேழு வயதில் போய்விட்டார்.

யாழ்ப்பாணப் பக்கத்தில் என்றால் நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989). காங்கேசன்துறையின் வசந்த கான சபாவோடு அவர் ஆடிய அரிச்சந்திர மயான காண்டத்தை எங்கள் பெட்டி ஐயா நேரில் பார்த்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டால் விபரம் ஒன்றும் சொல்லமாட்டார், பெட்டியில் நாலு சுரம் வாசித்துக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார்.

நம் மட்டக்களப்புக் கூத்தில் பெட்டி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வடமோடியானாலும் தென்மோடியானாலும் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும்தான். ஆனால் குழப்படி அங்கேயும் இருக்கிறது. களரியில் கொழுத்த ஆட்டக்காரன் ஒருவன் நிமிர்ந்து ஆடினால் அண்ணாவியார் தாளத்தை மெல்ல மெல்ல உருட்டி அவனை வியர்க்க வைப்பார். சபைக்கு விளங்கும், சிரிக்கும். முஸ்லிம் ஊர்களில் வயலிலும் வாடியிலும் கவி பாடியவர்கள் ஒருவரை ஒருவர் கவியாலேயே மடக்கினார்கள் அல்லவா? அதுவும் இந்தச் சாதிதான்.

எங்களில் ஒருவர் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். விக்டர் போர்க் என்றொரு பியானோக்காரர். 1909இல் கோப்பன்ஹேகனில் பிறந்த யூதர், ஹிட்லருக்குத் தப்பி 1940இல் அமெரிக்கா போனவர். மேரிலின் மல்வி என்ற பாடகி பக்கத்தில் நின்று உச்சத்தில் ஒரு சுரம் எடுக்கிறார். இவர் அந்தச் சத்தத்தில் கதிரையிலிருந்து கீழே விழுகிறார். எழும்பி வந்து, வாகனத்தில் போடுகிற மாதிரி ஒரு பட்டியை எடுத்துத் தன்னைக் கதிரையோடு கட்டிக்கொள்கிறார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிறார். பஸ்ஸில் பக்கத்து ஆட்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் பெட்டி ஐயாவுக்குக் காட்டினோம். சிரிக்கவில்லை. இரண்டாம் தரமும் போடச் சொல்லிக் கூர்ந்து பார்த்தார். "இவர் அந்தப் புள்ளைட மூச்ச எண்ணிட்டு இருக்கார் சேர். விழுறது பாட்டு முறியாத இடத்தில" என்றார்.

எங்களுக்கு அந்த ஒரு பேச்சில் முழுதும் பிடிபட்டது. குழப்படி செய்ய வேண்டுமென்றால் முதலில் நன்றாகக் கேட்கவேண்டும். மூச்சை எண்ணாதவனால் மூச்சில் விளையாட முடியாது. பென்டிரைவில் இருக்கிற இசைக்குக் குழப்படி தெரியாது, காது இல்லையே.

இனிச் சனிக்கிழமை.

மைதானத்தில் பாய் விரித்துச் சனம் நிறைந்திருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் விருந்தினர்கள். மேடையின் வலது மூலையில் பெட்டி ஐயா, பக்கத்தில் மிருதங்கத்தோடு ஒரு பையன். நடுவில் கம்பு கட்டிய சின்னப் பரண். அதில் வள்ளி, கையில் கவண். தினைப்புனம் காக்கிற காட்சி. இந்தக் காட்சி இந்த ஊருக்குப் புராணம் மட்டும் அல்ல. பாயில் இருந்த தகப்பன்மாரில் பாதிப் பேர் சேனையிலும் வயலிலும் பரண் கட்டி விழித்திருக்கிறவர்கள். குருவிக்குத் தகரம் தட்டியவர்கள், யானைக்கு வெடி கொளுத்தியவர்கள். வாகரைப் பக்கத்துக் கரையோரத்தில் வேடர் பரம்பரையினர் இருக்கிறார்கள். வேடுவப் பெண் வள்ளியின் முருகனுக்கு ஆற்றங்கரையில் வெருகல் கோயில் இருக்கிறது. ஆகவே வள்ளி அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

முன்னிசை ஒருதரம்தான் வந்தது. பிள்ளை குரலை எடுத்தாள். ஆலோலம் பாடி முதல் அடி முடிகிற இடத்தில், பெட்டியின் மேல் முனையிலிருந்து "கீச்" என்று ஒரு சத்தம்.

இது ஒத்திகையில் இல்லை.

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டாம் அடியை எடுத்தாள். "கீச் கீச்." பாயில் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. எங்கள் நாலு பேருக்கும் உடம்பு குளிர்ந்துவிட்டது. போன வருடச் சிரிப்பும் இப்படித்தான் தொடங்கியது. அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. ஆனால் பெட்டி நிற்கவில்லை. அடியில் அவளுடைய சுருதி மட்டும் மெல்லிசாக ஒலித்துக்கொண்டே இருந்தது.

வள்ளி பரணிலிருந்து இறங்கினாள். கவணில் கடதாசி உருண்டையை வைத்தாள். அடிமேல் அடி வைத்துப் பெட்டிக்குக் கிட்டப் போனாள். குனிந்து பார்த்தாள். சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஓ... குருவி இஞ்சயோ இருக்கு! கறுப்பும் வெள்ளையுமாப் பல்லக் காட்டிட்டு இருக்குதே!"

மைதானம் வெடித்தது. பெட்டி ஐயா தோளில் கிடந்த சால்வையை அவசரமாக எடுத்துப் பெட்டியையும் தன் கைகளையும் மூடினார். சால்வைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு "கீச்". வள்ளி இடுப்பில் கை வைத்தாள். "செட்டைய மூடிட்டுக் கத்துதுகா!" பாயிலிருந்து ஒரு கிழவி எழும்பி நின்றே கத்தினார்: "விடாத மகள், எறி!" எறிந்தாள். உருண்டை சால்வையில் பட்டது. பெட்டியில் மேலிருந்து கீழே படபடவென்று சுரங்கள் விழுந்தன, கடைசியில் அடிக் கட்டையில் ஒரு "தொம்". குருவி விழுந்துவிட்டது. சனம் கைதட்டி முடிக்கவில்லை, அந்தத் "தொம்" அப்படியே நீண்டு அவளுடைய சுருதியாக மாறியது. அவள் அங்கிருந்தே பாட்டை எடுத்தாள். விட்ட அடியிலிருந்து, பாடிக்கொண்டே நடந்து, பாடிக்கொண்டே பரணில் ஏறினாள். கடைசி அடியில் குரலை அந்த இரண்டு கட்டைக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்து இழுத்தாள். பெட்டி ஐயா சபைக்குத் தெரியும்படி இரண்டு கையையும் தூக்கினார்.

இதுதான் குருவிக் கதை.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளை பழையபடி அமைதியாகத்தான் இருந்தாள். ஒரே இரவில் ஆள் மாறிவிட்டாள் என்று நாங்கள் எழுதமாட்டோம். ஆனால் பாடசாலை விட்ட பிறகு களஞ்சிய அறைப் பக்கம் போனோம். "அந்தக் கீச் எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம் ஐயா" என்று அவள் உரத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் "சொல்லியிருந்தா நீ இறங்கி வந்திருக்க மாட்டாய் மகள்" என்றார். "வந்திருப்பன்" என்றாள். "வந்திருக்க மாட்டாய்." அது நெடுநேரம் போனது, நாங்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டோம்.

எங்கள் ஊரில் ஒருசிலர், "உங்களுக்கேன் இந்தப் பாட்டுக் கூத்து வேல?" என்று கேட்டார்கள். இசையைப் பற்றி எங்களுக்குள்ளேயே வேறு வேறு கருத்துள்ளவர்கள் இருக்கிறோம், எங்கள் மூவருக்குள்ளும்தான். அதை இங்கே பேசித் தீர்க்கப்போவதில்லை. பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் படிக்கிற நாடகத்தை அவர்கள் ஆசிரியர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் பிறகு தனியாக வந்து வீடியோ இருக்கிறதா என்றும் கேட்டார். அனுப்பினோம்.

அடுத்த போட்டி வருகிறது. எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும், இந்த இசையைப் பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவோம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஐயாவுக்கு வயது போகிறது, பயணம் தூரம், பெட்டி பழசு. மூன்றும் உண்மை. நாங்கள் நாலு பேரும் பெட்டியோடு போவது என்று நிற்கிறோம். வாகனக் கூலியை நாங்கள் பங்கு போடுகிறோம். மிருதங்கம் வாசித்த பையன் இப்போது ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியும் பழகுகிறான். இன்னும் குழப்படி செய்யும் அளவுக்கு வரவில்லை.

ஒரு உதவி வேண்டும். பெட்டியில் இரண்டு பழுது இருக்கிறது. துருத்தியின் தோல் ஒரு மடிப்பில் வெடித்துக் காற்றுப் போகிறது. இப்போதைக்குச் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி வைத்திருக்கிறோம். மூன்றாம் கட்டை அழுத்தினால் மேலே வருவதில்லை, ஐயா சின்ன விரலால் தூக்கிவிட்டுத்தான் வாசிக்கிறார். மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ ஆர்மோனியம் திருத்தத் தெரிந்தவர் யாரும் இருந்தால் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களே வருகிறோம்.